கழுத்தில் ரெண்டு, விலாவில் ரெண்டு: ஸ்டிக்கர் ஒட்டி நெஞ்சு ரத்தத்தை அளப்பது நிஜமா?

கேள்வி
9 மார்ச் 2024, இரவு 9.52

அம்மாவுக்கு மூச்சுத் திணறல். எக்கோவுக்குக் காத்திருந்தபோது ஒரு பொண்ணு வந்து கழுத்தில் இரண்டு பக்கமும், விலாவில் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு பெட்டியோடு இணைத்தது. பத்து நிமிடம். இதயம் நிமிடத்துக்கு 4.1 லிட்டர் பம்ப் பண்ணுது, நெஞ்சில் நீர் லேசாகக் கூடுதல் என்று ஒரு தாள் வந்தது. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. தோலுக்கு மேலே கரண்ட் விட்டு உள்ளே ஓடும் ரத்தத்தை லிட்டரில் சொல்ல முடியுமா? எனக்கு இது ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பயோமெடிக்கல் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க சார்.

பதில்
9 மார்ச், இரவு 11.20

ஜாதகம் இல்லை. நீரோட்டம் பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திப் பார்க்கிறவரைச் சொல்லவில்லை. நாலு இரும்புக் கம்பியை வரிசையாகத் தரையில் அடித்து, வெளிக் கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள் கம்பி இரண்டில் வோல்ட் பார்க்கிறாரே, அவரைச் சொல்கிறேன். ஈரமான மண்ணில் தடை குறைவு, பாறையில் அதிகம். உங்கள் அம்மா கழுத்திலும் விலாவிலும் நடந்தது அச்சு அசல் அதே வேலை. ஒட்டியது நாலு ஸ்டிக்கர்தான், ஆனால் முனை எட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ் இருந்திருக்கும். வெளிக் குமிழ் கரண்ட் விடும், உள் குமிழ் கேட்கும்.

ரத்தம் உப்புத் தண்ணீர், கரண்டை நன்றாகக் கடத்தும். காற்று, கொழுப்பு, எலும்பு மூன்றும் கடத்த முரண்டு பிடிக்கும். கழுத்தடியிலிருந்து நெஞ்சுக்குழி வரை மொத்தத் தடை பெரியவர்களுக்குச் சுமார் 25 ஓம். இதயம் நிரம்பும்போதெல்லாம் அதில் 0.1, 0.2 ஓம் குறைந்து மறுபடி ஏறும். பெட்டி துரத்துவது அந்த அரை சதவீதத்தைத்தான்.

ஊர் பேர் தெரியாத கம்பெனி கிளப்பிவிட்ட சரக்கும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் குபிசெக் குழு நாசா பணத்தில் செய்து 1966இல் வெளியிட்டது. விண்வெளிக்குப் போகிறவனின் இதயத்தில் குழாய் விட்டு அளக்க முடியாதே. அப்போது ஸ்டிக்கர் கிடையாது; அலுமினியப் பட்டை, கழுத்தைச் சுற்றி இரண்டு, நெஞ்சைச் சுற்றி இரண்டு. அதற்கும் முன்பே 1940களில் யான் நைபோயர் இந்தப் பாதையைப் போட்டு வைத்திருந்தார்.

10 மார்ச், காலை 6.45

தூங்கி எழுந்ததும் உறைத்தது. ராத்திரி அவசரத்தில் "இதயம் நிரம்பும்போது" என்று எழுதிவிட்டேன், தப்பு. இதயம் சுருங்கி ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும்போதுதான் தடை குறைகிறது. இதயம் காலியாகிற அதே நொடியில் பெருந்தமனியும் நுரையீரல் குழாய்களும் புடைக்கின்றன. பெட்டிக்குக் கேட்பது பெரும்பாலும் அந்தப் புடைப்பு. இதயத்தின் பங்கு எதிர்ப்பக்கம் இழுப்பது.

அது முழுக்கப் புடைப்பு மட்டுமா என்பதில் இன்னொரு கட்சியும் உண்டு. சிவப்பணு தட்டு மாதிரி இருப்பது. ரத்தம் நிற்கும்போது தட்டுகள் தாறுமாறாகக் கிடக்கும். வேகம் எடுத்ததும் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து வரிசை கட்டும், கரண்டுக்கு வழி விடும். ஆக அந்த 0.1 ஓம் ரத்தம் கூடியதற்கா, அணுக்கள் அணிவகுத்ததற்கா? பிந்தியதை வைத்தே தனிக் கணக்கு போட்டு விற்கும் கருவிகளும் சந்தையில் உண்டு. ஒரே அலையை வைத்து ரெண்டு கட்சி, ரெண்டு சூத்திரம்.

10 மார்ச், மதியம் 1.15

"ஷாக் அடிக்காதா" என்று ஒருவர். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை போய்த் திரும்புவது. அதில் 1 மில்லி ஆம்பியர் பட்டாலே விரல் சுருக்கென்று இழுக்கும். இது நொடிக்கு லட்சம் முறை. அந்த வேகத்துக்கு நரம்பால் ஈடு கொடுக்க முடியாது. குபிசெக் 4 மில்லி ஆம்பியர் வரை விட்டார். இப்போதைய பெட்டிகள் அதைவிடக் குறைவு.

10 மார்ச், இரவு 10.05

லிட்டர் எப்படி வருகிறது என்று கேட்டவருக்கு, ஒரு துடிப்பைக் கையால் போட்டுக் காட்டுகிறேன். குபிசெக் கணக்கு.

கழுத்தின் உள் குமிழுக்கும் விலாவின் உள் குமிழுக்கும் இடையே 27 செ.மீ. அடிப்படைத் தடை 25 ஓம். 27ஐ 25ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.166. அதை ரத்தத்தின் மின்தடைத் திறன் 135ஆல் பெருக்கு: 157. பெருந்தமனி வால்வு திறந்திருந்த நேரம் 0.3 நொடி. தடை விழுந்த உச்ச வேகம் நொடிக்கு 1.5 ஓம். எல்லாவற்றையும் பெருக்கினால் 71 மில்லி. நாடித்துடிப்பு 72 என்றால் நிமிடத்துக்கு 5.1 லிட்டர். பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான எண்.

இப்போது 135 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழைய கணக்குகளில் 150 போட்டார்கள். அதைப் போட்டால் அதே ஆளுக்கு, அதே துடிப்புக்கு 79 மில்லி. ரத்தசோகை இருந்தால் நிஜ மதிப்பு இன்னும் இறங்கும், ஏனென்றால் சிவப்பணுவின் தோல் கரண்டைத் தடுப்பது. அணு குறைந்தால் ரத்தம் வெறும் உப்புத் தண்ணீரை நெருங்கும். வால்வு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை அலையின் மேல் ஒரு சின்ன நெளிவையும் ஒரு பள்ளத்தையும் பார்த்துப் பெட்டியே முடிவு செய்கிறது. வயசானவர்களின் அலையில் அந்த நெளிவு பல சமயம் கண்ணில் படாது. பெட்டி அசராமல் ஓர் இடத்தில் புள்ளி வைக்கும்.

11 மார்ச், இரவு 9.30

உயரக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

27 செ.மீ.யை டேப் வைத்து அளப்பது தொல்லை என்று, அதற்குப் பதில் ஆளின் உயரத்தில் 17 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும் சூத்திரம் 1980களில் வந்தது. ஸ்ராமெக், பெர்ன்ஸ்டைன் பெயரில். அதில் அந்த நீளம் கன மடங்கு. மூன்று முறை பெருக்கல்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஓர் எண், திங்கள்கிழமை அதைவிட 18 சதவீதம் அதிகம். மாத்திரை வேலை செய்கிறது என்று வார்டே சந்தோஷப்பட்டது. பெட்டியைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு, பிரிண்டர் தாளை மென்று துப்பியது. துப்பிய இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை உயரம் 156. திங்கள்கிழமை 165. பாட்டி வார இறுதியில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறார். 165ஐ 156ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.18.

சிஸ்டரிடம் சொன்னேன். "அண்ணே, உயரம் தானேன்னு நெனச்சேன்" என்றார். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

12 மார்ச், காலை 7.10

சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார்: "நாலு முனை முறை என்றால் ஸ்டிக்கர் சரியாக ஒட்டாவிட்டாலும் பரவாயில்லையே? தோலின் தடை கணக்கில் வராதே?"

பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க். கேட்கும் முனையில் கரண்ட் ஏறக்குறைய ஓடாது, அதனால் தோலின் தடை அளவில் சேராது. நானும் பத்து வருடம் அப்படித்தான் பாடம் எடுத்தேன்.

சித்திரை மாதம் கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா? நம்மூர் கழுத்து என்றால் பவுடர். வேர்வை, அதற்கு மேல் பவுடர், அதற்கு மேல் செயின். ஆம்பளை என்றால் கழுத்திலும் நெஞ்சிலும் விபூதி. ஸ்டிக்கர் ஒட்டும், ஆனால் விபூதியோடு ஒட்டும், தோலோடு இல்லை. நோயாளி கழுத்தைத் திருப்பினால் அலை மொத்தமும் ஊஞ்சலாடும். நாம் தேடும் மாற்றம் 0.1 ஓம் என்பதை மறக்கக் கூடாது. போதாததற்கு, பிரித்த ஸ்டிக்கர் பாக்கெட்டை ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலத்துக்குள் ஜெல் காய்ந்து அப்பளம். கரண்ட் விடும் முனை காய்ந்தால் பெட்டியால் குறித்த கரண்டைத் தள்ளவே முடியாது, லீடு சரியில்லை என்று கத்தும். கத்தினால் நல்லது. கத்தாமல் எண் கொடுக்கும் பெட்டிதான் ஆபத்து.

ஈரத் துணியால் துடை, ஸ்பிரிட் போட்டுத் துடை, ஆறவிடு, அப்புறம் ஒட்டு. விபூதியைத் துடைக்கும் முன் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. ஒருத்தர் கையைத் தட்டிவிட்டார், பழனி விபூதியாம்.

12 மார்ச், இரவு 11.50

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கவனிக்க. மேலே சொன்னதைவிட முக்கியம், முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சில பேஸ்மேக்கர்கள் மூச்சு வேகத்தைப் பார்த்துத் துடிப்பைக் கூட்டும். மூச்சை எப்படிப் பார்க்கும்? இதே வித்தைதான். ஒயர் நுனிக்கும் தோலுக்கு அடியில் இருக்கும் டப்பாவுக்கும் நடுவே துளித் துளியாகக் கரண்ட் விட்டு, நெஞ்சின் தடை ஏறி இறங்குவதைப் பார்க்கும். வெளியிலிருந்து நாமும் கரண்ட் விட்டால் அது குழம்பும், "ஆள் ஓடுகிறான்" என்று நினைத்துக்கொள்ளும்.

நான் நேரில் பார்த்தது இந்த ஸ்டிக்கர் பெட்டியில்கூட இல்லை, சாதாரண ஐசியூ மானிட்டரில். ஈசிஜி ஒயர் வழியாகவே மூச்சை எண்ணி ஒரு கோடு வரையுமே, அதுவும் நெஞ்சின் தடையை அளந்துதான். படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தாவுக்கு மானிட்டர் மாட்டியதும் துடிப்பு 70இலிருந்து 120. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்கிறார். மருந்தை ஏற்றிவிட ஒரு கை ஓடுகிறது. பேஸ்மேக்கர் கார்டைப் பார்த்த சின்ன டாக்டரம்மா, "மானிட்டர்ல ரெஸ்பிரேஷனை ஆஃப் பண்ணுங்க" என்றார். செய்தேன். கொஞ்ச நேரத்தில் 70. அன்றிலிருந்து அவர் என்ன கேட்டாலும் முதலில் அவர் வேலை.

14 மார்ச், இரவு 10.30

நம்பலாமா கூடாதா, ஒரே வரியில் சொல் என்கிறார்கள். முடியாது.

புதுக் கருவி, பழைய கருவியிலிருந்து 30 சதவீதத்துக்குள் விலகினால் ஒப்புக்கொள்ளலாம் என்று 1999இல் ஒரு வரையறை வைத்தார்கள். ஒப்பிடும் பழைய கருவி பெரும்பாலும் 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் கதீட்டர். கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விட்டு, குளிர்ந்த திரவம் செலுத்திப் பார்ப்பது. 2010இல் பேட்டன், சாங் இருவரும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது இம்பீடன்ஸ் முறையின், அதாவது இந்த ஸ்டிக்கர் பெட்டியின், விலகல் 43 சதவீதம். ஃபெயில். ஆனால் அதே பட்டியலில் உணவுக்குழாய்க்குள் விட்டு ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் 42, ரத்த அழுத்த அலையை வைத்துப் போடும் கணக்கு 41. வகுப்பே ஃபெயில் என்றால் வாத்தியாரையும் ஒரு பார்வை பார்க்கத்தான் வேண்டும்.

பலன் கிடைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருந்துக்கு அடங்காத பிரஷர்காரர்கள் 104 பேர். பாதிப் பேருக்கு நிபுணரின் கணிப்பில் மருந்து, மீதிப் பேருக்கு இந்த அளவைப் பார்த்து மருந்து. மூன்று மாதத்தில் பிரஷர் அடங்கியது முதல் பாதியில் 33 சதவீதம், இரண்டாம் பாதியில் 56 சதவீதம். 2002இல் வந்தது. அளவைப் பார்த்தவர்கள் நீர் பிரியும் மாத்திரையைத் துணிந்து கூட்டியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்தது லிட்டர் எண் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஆளின் நெஞ்சு போன மாதத்தைவிட ஈரமா, காய்ந்ததா என்பதுதான்.

இந்தியாவிலும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த வகைக் கருவியைப் பல வருடமாக உருவாக்கினார்கள். நெஞ்சுக்கு மட்டுமில்லை, கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும். அணு உலைக்காரர்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். சின்ன சிக்னலைப் பெரிய இரைச்சலிலிருந்து பிரிப்பது அவர்களுக்குத் தினசரிப் பிழைப்பு.

15 மார்ச், காலை 6.30

வீட்டு எடை மெஷின் காட்டும் "உடல் நீர் சதவீதம்" பற்றிக் கேட்டவருக்கு: அது ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்கும் கரண்ட். தொடை வரை போய்த் திரும்பிவிடும், நெஞ்சை எட்டிக்கூடப் பார்க்காது. கையிலிருந்து கால் வரை அளந்தாலும், உடம்பு எடையில் பாதியைச் சுமக்கும் நடுஉடல் மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்குதான். ஒல்லியான கை காலே கணக்கைத் தின்றுவிடும். கிலோவை மட்டும் பாருங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன்.

16 மார்ச், இரவு 12.20

அப்பா விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவருக்கு இதயம் பலவீனம், வருடம் 2016. வாரம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவார், நான் வேலை பார்க்கும் இடத்துக்கு. சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து ஸ்டிக்கர் ஒட்டி அளந்துவிடுவேன். கேட்டால் "உனக்கு வெளையாட்டு" என்பார். முதல் வாரம் அடிப்படைத் தடை 22.5 ஓம். இரண்டாவது வாரம் 21.8. மூன்றாவது வாரம் 20.9. ஆயிரத்தைத் தடையால் வகுத்தால் நெஞ்சு நீர் எண் வரும்: 44, 46, 48. ஆண்களுக்கு 30 முதல் 50 வரை நார்மல் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்றும் பச்சை நிறத்தில் வந்தன. எடை 600 கிராம்தான் ஏறியிருந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் வேலை என்று அம்மாவோடு சண்டை போட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது அளவுக்கு இரண்டாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நீர் பிரிய லேசிக்ஸ் ஊசி, ஆக்ஸிஜன், நாலு நாள். பிழைத்தார், அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார்.

எண்ணைப் பார்க்காதே, போக்கைப் பார் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தவன் நான். என் அப்பாவுக்குப் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு ஸ்டிக்கரை உரித்தேன்.

17 மார்ச், இரவு 9.15

டாக்டர் ஒருவர் தனிச் செய்தியில் நியாயமாகக் கேட்டார்: "நடந்த பிறகு பார்த்தால் எல்லாம் போக்காகத்தான் தெரியும். அலாரம் அடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

உள்ளே பொருத்தும் கருவியால் தினமும் அளந்து 2005இல் வந்த ஆய்வு ஒன்றில், மூச்சு மோசமாவதற்குச் சராசரியாக 15 நாள் முன்பே தடை இறங்கத் தொடங்கியது தெரிந்தது. எல்லோரும் குதித்தார்கள், நானும்தான். அப்புறம் அந்த அலாரத்தை நோயாளி காதுக்கே கேட்கிற மாதிரி வைத்து டாட்-எச்எஃப் என்ற சோதனை நடந்தது, 2011இல் முடிவு. அலாரம் கேட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கூடியது, சாவு குறையவில்லை. ஸ்டிக்கர் பெட்டிக்கும் இதே கதை: பேக்கர் குழு 2006இல் வரப்போவதைச் சொல்லும் என்றது, 2009இல் வந்த பிக் ஆய்வில் சொல்லவில்லை.

ஆக, டாக்டர் கேட்டதற்குப் பதில்: ஒரு லேசிக்ஸ் கூடக் கொடுத்திருப்பார்கள். நடந்திருக்கலாம், நடக்காமல் போயிருக்கலாம்.

23 மார்ச், இரவு 11.40

பழைய நோட்டு கிடைத்தது. அப்பாவின் மூன்று அளவும் என் கையெழுத்தில் இருக்கிறது. முதல் இரண்டுக்குப் பக்கத்தில் "நாற்காலி". மூன்றாவதற்குப் பக்கத்தில் "கட்டில்".

ஞாபகம் வந்தது. அன்று நாற்காலியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். சோதனைக் கட்டிலில் ஒரே தலையணையில் படுக்க வைத்தேன். சிரமமில்லாமல் படுத்திருந்தார். உட்கார்ந்தவன் படுத்தாலே காலில் கிடக்கும் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும், தடை இறங்கும். முதலாம் ஆண்டுப் பாடம். மேலே 16ஆம் தேதி எழுதியதில் இதைச் சேர்த்துப் படியுங்கள், அழிக்கவில்லை.

24 மார்ச், பகல் 2.05

ஸ்டோர் ரூமில் அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்கிறது, பேட்டரி மட்டும் செத்துவிட்டது. சுவர் பிளக்கில் செருகிப் போட்டேன். கழுத்தைத் துடைத்தேன், எனக்கும் பவுடர். பத்து நிமிடம் நாற்காலி: 27.3. பத்து நிமிடம் படுத்து: 26.1. மறுபடி நாற்காலி: 27.2.

எனக்கு 1.2 இறங்குகிறது. அப்பாவுக்கு இரண்டாவது வாரத்துக்கும் மூன்றாவது வாரத்துக்கும் நடுவே இறங்கியது 0.9. என் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றில்லை, இதை வைத்து அதைக் கழிக்க முடியாது. இருந்தாலும் கழித்துப் பார்த்தேன். முதல் வாரம் 22.5, இரண்டாவது வாரம் 21.8, இரண்டும் நாற்காலி. அந்த 0.7 மட்டும் நிற்கிறது.

அந்த வாரம் எடை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். காலண்டரில் குறித்து வைத்திருந்தாராம், தேடிப் பார்க்கிறேன் என்றார்.